கதவைத் திறக்கும் கணக்கு

2009 ஆகஸ்ட் 19. மினியாபொலிஸ் நகரின் மாநாட்டு மையத்தில் அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பொதுப்பேரவை கூடியிருந்தது. மனிதப் பாலுணர்வு பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்ற நீண்ட அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. அது நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வாக்களித்தவர்கள் 1,014 பேர்; நம்மூரில் பெரிய கல்யாண மண்டபம் ஒன்றை நிரப்பும் கூட்டம். ஆதரவு 676, எதிர்ப்பு 338. இப்போது 1,014ஐ மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்கிப் பாருங்கள். விடை 676. ஒரு வாக்குகூட மிச்சமில்லை. ஆதரித்தவர்களில் ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால் அறிக்கை தோற்றிருக்கும்.

அன்று பிற்பகலில் நகருக்குள் ஒரு சிறு சுழற்காற்று புகுந்து, மாநாட்டு மையத்துக்குப் பக்கத்திலிருந்த சென்ட்ரல் லுத்தரன் ஆலயத்தின் கோபுர உச்சியைச் சிதைத்துவிட்டுப் போனது. கடவுளின் எச்சரிக்கை என்றார்கள் சிலர். எனக்கு அந்தக் காற்றைவிட அந்த எண்தான் பெரிய வியப்பு. எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் சபை என்றதும், நல்ல மனசு படைத்த நாலு பேர் கூடினால் போதும் என்று தோன்றும். போதாது. அந்த நல்ல மனசு நிலைத்து நிற்க விதிகள், பங்குகள், அட்டவணைகள், ஐந்நூறு ஆண்டுப் பழைய இறையியல் வாதங்கள் எல்லாம் உள்ளே ஓயாமல் இயங்க வேண்டியிருக்கிறது. அந்த இயக்கம் அழகானது.

அதன் தொடக்கம் ஒரு சின்ன வரையறை. 1530 ஜூன் 25 அன்று ஆகஸ்பர்க் நகரில், பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன்னிலையில், லுத்தரன் தரப்பு தன் விசுவாச அறிக்கையை வாசித்தது. மொத்தம் 28 பிரிவுகள். வாசித்து முடிக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதன் ஏழாம் பிரிவு, திருச்சபை என்றால் என்ன என்று சொல்கிறது. விசுவாசிகள் கூடும் இடம். அங்கே நற்செய்தி சரியாகப் போதிக்கப்பட வேண்டும், திருமுழுக்கும் திருவிருந்தும் முறையாக வழங்கப்பட வேண்டும். அவ்வளவுதான். அதோடு இன்னொரு வரியும் உண்டு: மனிதர்கள் ஏற்படுத்திய சடங்குகளும் மரபுகளும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டிய அவசியமில்லை.

வரையறை எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்கு இடம் பெரியதாகிறது. என்ன உடை, எந்த மொழி, எந்த ராகம், உட்கார்வதா முழங்காலிடுவதா என்பதெல்லாம் வரையறைக்கு வெளியே போய்விட்டன. இப்படி வெளியே நிற்கும் சங்கதிகளுக்கு இறையியலாளர்கள் ‘அடியபோரா’ என்ற கிரேக்கச் சொல்லை வைத்திருக்கிறார்கள். வேதம் கட்டளையிடாததும் தடுக்காததுமான காரியங்கள் என்று பொருள். ஒரு சபையில் பைப் ஆர்கன் ஒலிக்கிறது, இன்னொன்றில் கிதார். இரண்டும் முழு லுத்தரன் சபைகள்தான்.

ஆனால் விடுதலைக்காகச் செய்த கருவி ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகலாம். இதற்குச் சான்று தேட நாம் வெகுதூரம் போக வேண்டாம். 1706இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் வந்திறங்கிய தரங்கம்பாடியே இருக்கிறது. அந்த மிஷனில் 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் என்பவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. புராட்டஸ்டண்ட் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தவர் ராஜநாயக்கன். ஊழியத்தில் யாருக்கும் குறைந்தவரல்லர். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்பதால், மற்ற சாதியார் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்ற தயக்கத்தில், கடைசிவரை அவருக்குக் குருப்பட்டம் கிடைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக ஏற்பாடு, அதை உடனே விட்டொழிக்கச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்ற நிலையை எடுத்தார். ஆலயத்துக்குள் தனித்தனி இருக்கைகள் தொடர்ந்தன. ஒரே அப்பம், ஒரே கிண்ணம் என்று போதித்த இடத்தில் நடந்தது இது. இதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த ஆபத்துக்கு ஒரு பூட்டும் அதே மரபில் முன்பே செய்து வைக்கப்பட்டிருந்தது. 1577இல் எழுதப்பட்ட ‘ஒருமைப்பாட்டு வாய்பாடு’ என்ற ஆவணத்தின் பத்தாம் பிரிவு அடியபோராவைப் பற்றியது. விசுவாசமே சோதனைக்குள்ளாகும் வேளையில், சாதாரணச் சடங்குகூடச் சாதாரணமாக இருக்க முடியாது, அப்போது விட்டுக்கொடுக்கவும் கூடாது என்கிறது அது. நானூறு ஆண்டுகள் கழித்து அந்தப் பூட்டு பெரிய அளவில் பூட்டப்பட்டது. 1977இல் தார் எஸ் சலாமில் கூடிய உலக லுத்தரன் கூட்டமைப்பு, தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஏற்பாடு வெறும் அரசியல் கருத்து வேறுபாடு அல்ல, விசுவாசத்தையே தொடும் விவகாரம் என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்டில், அதை எதிர்த்து நிற்கத் தவறிய தென்னாப்பிரிக்கப் பகுதியின் இரண்டு வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்புரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்பது ஊர் வழக்கம் என்று இனி யாரும் நழுவ முடியாது.

இனி ஓர் ஊர்ச்சபைக்குள் போவோம். இன்றைய அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் ஏறத்தாழ 8,500 சபைகள் இருக்கின்றன. 1988இல் மூன்று திருச்சபைகள் இணைந்து உருவானது இது. அதற்கு முந்திய கதை பிரிவினையில்தான் தொடங்குகிறது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஜெர்மனி என்று எங்கிருந்து கப்பலேறி வந்தார்களோ அந்த மொழியில் தனித்தனியாகச் சபை கட்டிக்கொண்டார்கள். ஒரே தெருவில் இரண்டு லுத்தரன் ஆலயங்கள். ஒன்றின் பாட்டு மற்றதற்குப் புரியாது. ஆகவே இந்தச் சபைகள் முதன்முதலில் கற்றுக்கொண்ட ஏற்பு, பக்கத்து மொழிக்காரரை ஏற்பது.

அப்படி ஓர் ஊர்ச்சபையில் வாக்குரிமை யாருக்கு? விதி மிக எளிமையானது. திடப்படுத்தல் பெற்ற உறுப்பினராக இருக்க வேண்டும். நடப்பு ஆண்டிலோ அதற்கு முந்தைய ஆண்டிலோ ஒரு முறையாவது திருவிருந்தில் பங்கேற்றிருக்க வேண்டும். அதே காலத்தில் கணக்கில் ஏறிய காணிக்கை ஒன்று கொடுத்திருக்க வேண்டும். எவ்வளவு என்று விதி சொல்லவில்லை. ஒரு டாலர் போட்டவரும் ஒரு லட்சம் டாலர் போட்டவரும் சபைக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வாக்குதான். பணக்காரக் குடும்பம் ஒன்று சபையைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் வழி, ஒரு தொகையை எழுதாமல் விட்டதாலேயே அடைபட்டுப் போகிறது.

ஞாயிறன்று போதகர் எதைப் பிரசங்கிப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. வாசக அட்டவணையைப் பின்பற்றும் சபையில், தனக்குப் பிடித்த வேதபகுதியையே அவர் திரும்பத் திரும்ப எடுக்க முடியாது. 1992இல் வெளியான ‘திருத்திய பொது வாசக அட்டவணை’ என்ற மூன்றாண்டுச் சுழற்சி ஒவ்வொரு ஞாயிறுக்கும் நான்கு பகுதிகளைத் தருகிறது: பெரும்பாலும் பழைய ஏற்பாடு, சங்கீதம், நிருபம், நற்செய்தி. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவான் மூன்றிலும் கலந்து வரும். பிடிக்காத பகுதியைத் தள்ளிவைக்கப் போதகருக்கு மனம் வந்தாலும் அட்டவணை விடாது.

அது கொண்டுவரும் ஒரு கதை இங்கே முக்கியம். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரசியின் கருவூலத் தலைவர் வருகிறார். அவர் ஓர் அண்ணகர், அதாவது விதை நீக்கப்பட்டவர். மோசேயின் சட்டப்படி அத்தகையவர் சபைக்குள் வரவே கூடாது. வழியில் தண்ணீரைக் கண்டதும், தான் திருமுழுக்குப் பெற என்ன தடை என்று கேட்கிறார். பிலிப்பு எந்த நிபந்தனைப் பட்டியலையும் நீட்டவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள். பால், பாலினம் பற்றிய வேலிகளைப் பற்றிப் பேசும்போது பால்புதுமையினர் பலர் எடுத்துக்காட்டும் கதை இது. மாற்கு ஆண்டில், உயிர்த்தெழுதல் காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று இது வந்தே தீரும். 2021இல் வந்தது, 2024இல் வந்தது, 2027 ஏப்ரல் 25 அன்று வரும். இதை வாசிக்கலாமா என்று எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்க வேண்டியதில்லை.

திருவிருந்துக்கு வருவோம். குடிநோயிலிருந்து மீள்பவருக்குத் திராட்சை ரசம் ஒரு துளிகூட ஆபத்து. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தச் சின்ன அப்பமே வயிற்றைப் புண்ணாக்கும். பல சபைகளில் புளிக்காத திராட்சைச் சாறும், கோதுமை கலக்காத அப்பமும் தனித் தட்டில் அதே பீடத்தில் இருக்கும். கேட்டு வாங்கும் கூச்சம் வராதபடி, அறிவிப்புத் தாளிலேயே முன்கூட்டி அச்சிட்டிருப்பார்கள். முழங்காலிட முடியாதவர் நின்று வாங்கலாம். எழ முடியாதவரிடம் அப்பமும் கிண்ணமும் நடந்துபோகும். லுத்தரின் போதனையில் கிருபை கடவுளிடமிருந்து மனிதரை நோக்கி வருகிறது, மனிதர் ஏறிப்போய் எடுப்பதில்லை. அந்தப் போதனையைக் காலால் நடந்து காட்டுவது இந்தக் காட்சிதான்.

போதகரைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு நுட்பமான ஏற்பாடு. பேராயர் ஒருவரை அனுப்பி, இவர்தான் உங்கள் போதகர் என்று சொல்லிவிட முடியாது. வட்டாரப் பேராயர் பெயர்களைப் பரிந்துரைப்பார். சபையின் குழு அவர்களோடு பேசும். கடைசியில் சபைக் கூட்டம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் ‘அழைப்பு’ கொடுக்க வேண்டும். போதனையைச் சீர்தூக்கவும் போதகரை அழைக்கவும் சபைக்கு உரிமை உண்டு என்று லுத்தர் 1523லேயே ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அந்த உரிமை 1990இல் சான்பிரான்சிஸ்கோவில் வெடித்தது.

அங்கே டென்மார்க்காரர் சபையும் பின்லாந்துக்காரர் சபையும் 1964இல் ஒன்றாகி உருவானது செயின்ட் பிரான்சிஸ் லுத்தரன் சபை. 1990 ஜனவரி 20 அன்று அந்தச் சபை ரூத் பிராஸ்ட், பிலிஸ் சில்ஹார்ட் என்ற இரு பெண்களையும், அதே நகரின் பர்ஸ்ட் யுனைட்டட் சபை ஜெப் ஜான்சனையும் போதகர்களாக நியமித்துக் குருப்பட்டம் கொடுத்தன. ரூத்தும் பிலிசும் இணையர், ஜெப் தன்பாலீர்ப்பாளர். தன்பாலீர்ப்பாளர் போதகராக வேண்டுமானால் வாழ்நாள் முழுக்கத் தனித்து வாழ வேண்டும் என்பது அன்றைய விதி. மூவரும் அந்த உறுதியைத் தர மறுத்தவர்கள். திருச்சபை விசாரணை நடத்தி இரு சபைகளையும் ஐந்தாண்டு இடைநீக்கம் செய்தது. 1995 டிசம்பர் 31 அன்று இரண்டும் வெளியேற்றப்பட்டன. வெளியேற்றப்பட்ட பின்பும் அவை லுத்தரன் சபைகளாகவே வழிபட்டன. 1530இன் வரையறையை எடுத்துப் பாருங்கள்: நற்செய்தி, திருமுழுக்கு, திருவிருந்து. தலைமையகத்தின் உறுப்பினர் பட்டியல் அதில் இல்லை.

இப்போது அந்த 676க்குத் திரும்புகிறேன். ஏனென்றால் அந்த அறிக்கைக்குள் இருந்த உத்தி வாக்கு எண்ணிக்கையைவிடப் பெரியது. ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வதைப் பற்றித் திருச்சபைக்குள் நான்கு வேறுபட்ட நிலைகள் இருப்பதை அது மறைக்கவில்லை. பாவம் என்று கருதுவோரில் தொடங்கி, மற்றத் திருமணங்களுக்கு நிகர் என்று கருதுவோர் வரை நான்கையும் வரிசையாக எழுதியது. நான்கும் நேர்மையான விசுவாசத்திலிருந்து வரக்கூடியவை என்றது. இதைத் தாங்கும் கருத்துக்கு ‘கட்டுண்ட மனச்சாட்சி’ என்று பெயர்: கடவுளுடைய வார்த்தை என் மனச்சாட்சியை ஒரு முடிவில் கட்டிவைத்திருக்கிறது; உங்களுடையதை வேறொன்றில் கட்டிவைத்திருக்கலாம்; ஒருவர் கட்டை மற்றவர் அறுக்கக்கூடாது. 1521இல் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன் லுத்தர் நின்ற நிலை இதுவே. அவர் அதைத் தனக்காகச் சொன்னார். இவர்கள் எதிரே நின்றவருக்காகவும் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து, இணையரோடு வாழும் தன்பாலீர்ப்பாளர்கள் போதகராகலாம் என்ற தீர்மானம் 559க்கு 451 என்ற வாக்கில் நிறைவேறியது. அப்படிப்பட்டவரை அழைக்கலாமா வேண்டாமா என்பது அந்தந்தச் சபையின் முடிவுக்கே விடப்பட்டது. எல்லாரும் அமைதியாகிவிடவில்லை. நூற்றுக்கணக்கான சபைகள் வெளியேறின. வெளியேறவும் விதி இருந்தது: இரண்டு முறை கூடி, இரண்டு முறையும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்க வேண்டும், நடுவே குறைந்தது 90 நாள் இடைவெளி விட வேண்டும். கோபம் ஆறவும் பேராயர் வந்து பேசவும் அந்த மூன்று மாதம். ரூத், பிலிஸ், ஜெப் மூவரும் 2010இல் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். செயின்ட் பிரான்சிஸ் சபை 2011இல் திருச்சபைக்குத் திரும்பியது.

இதற்கெல்லாம் முன்பே, 1980களில், வேறொரு நுண்ணிய கருவி உருவாகியிருந்தது. 1974இல் தொடங்கிய, இன்று ‘ரீகன்சைலிங் வொர்க்ஸ்’ எனப்படும் அமைப்பு நடத்தும் ஏற்புச் சபைத் திட்டம் அது. அதில் சேர விரும்பும் சபை ஒரு வரவேற்பு அறிக்கை எழுத வேண்டும். ‘அனைவரும் வருக’ என்று எழுதினால் செல்லாது. தன்பாலீர்ப்பாளர், திருநர் என்று அந்த மக்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். பத்து ஆலயங்களில் ‘அனைவரும் வருக’ பலகையை நம்பி உள்ளே போய், பத்திலும் அவமானப்பட்டவருக்கு அந்தப் பலகை எதையும் சொல்லாது. தன்னைக் குறிக்கும் சொல் எழுதியிருந்தால்தான் அது அவருக்குச் செய்தி. அறிக்கையை எழுதி முடிக்கப் பல சபைகளுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. கூடத்தில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்பதே அதில் பெரும்பகுதி. மகன் தன்பாலீர்ப்பாளன் என்பதை முப்பது ஆண்டுகள் யாரிடமும் சொல்லாத தாய் அந்த மேசையில் வாய் திறக்க முடிகிறது. கனடாவையும் சேர்த்து இன்று இந்தத் திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சபைகளும் குழுக்களும் இருக்கின்றன.

ஒரு கதவு திறந்துவிட்டால் எல்லாக் கதவும் திறந்துவிட்டதாகிவிடுமா? பியூ ஆய்வு மையம் 2014இல் எடுத்த கணக்கெடுப்பின்படி இந்தத் திருச்சபையினரில் 96 சதவீதம் பேர் வெள்ளையர். இத்தனைக்கும் பொதுப்பேரவையில் குறைந்தது 60 சதவீதம் பேர் போதகரல்லாத பொதுமக்களாக இருக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேர் பெண்கள், மொத்தத்தில் குறைந்தது 10 சதவீதம் பேர் வெள்ளையரல்லாதவர் அல்லது ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர் என்ற இலக்கைத் தொடக்கத்திலேயே சட்டத்தில் எழுதிவைத்தவர்கள் இவர்கள். மேடையில் வந்த மாற்றம் வாங்கு பலகைக்கு வரவில்லை.

2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகரின் இமானுவேல் ஆலயத்தில், வேதபாட வகுப்பில் இருந்த ஒன்பது கறுப்பினத்தவரை ஒரு வெள்ளை இளைஞன் சுட்டுக் கொன்றான். அவன் இந்த லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த சபை ஒன்றின் உறுப்பினன். கொல்லப்பட்டவர்களில் கிளமென்டா பிங்க்னி, டேனியல் சிம்மன்ஸ் இருவரும் இதே திருச்சபையின் இறையியல் கல்லூரியில் படித்தவர்கள். கொன்றவனும் நம் பிள்ளை, செத்தவர்களில் இருவர் நம் மாணவர்கள் என்ற உண்மையை இந்தத் திருச்சபை மூடி மறைக்கவில்லை. 2019இல் ஜூன் 17ஐ மனந்திரும்புதலின் நினைவுநாளாகத் தன் நாட்காட்டியில் சேர்த்தது. யூதர்களைப் பற்றி லுத்தர் 1543இல் எழுதிய கொடும் வரிகளை 1994லேயே வெளிப்படையாக நிராகரித்திருந்தது. தன்னைத் தோற்றுவித்தவர் செய்த தவற்றைப் பெயர் சொல்லி மறுக்கத் தெரிந்த அமைப்புகள் உலகில் குறைவு.

வாரநாளில் இந்த ஆலயங்களின் கீழ்த்தளத்துக்குப் போனால் தையல் இயந்திரச் சத்தம் கேட்கும். பெரும்பாலும் பாட்டிமார், பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போர்வை தைப்பார்கள். அளவு 60க்கு 80 அங்குலம். 1945இல் தொடங்கிய ‘லுத்தரன் வேர்ல்டு ரிலீப்’ வழியாக ஆண்டுக்கு லட்சக்கணக்கான போர்வைகள் போரிலும் பேரிடரிலும் வீடிழந்தவர்களுக்குப் போகின்றன. போர்த்திக்கொள்ளலாம், தரையில் விரிக்கலாம், கட்டி நிழலாக்கலாம், மூட்டையாகவும் கட்டலாம். பெறுபவர் லுத்தரனா, கிறிஸ்தவரா என்று யாரும் கேட்பதில்லை. 2009 முடிவை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே துணியின் இரு முனையைப் பிடித்துத் தைக்கிறார்கள். கட்டுண்ட மனச்சாட்சி என்ற கனமான கருத்து நடைமுறையில் பிழைத்திருப்பதற்கு இந்த மேசைகளே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

நீங்கள் சேர்ந்திருக்கும் சபைக்கோ சங்கத்துக்கோ குடியிருப்போர் மன்றத்துக்கோ ஒரு விதிப்புத்தகம் இருக்கும். பெரும்பாலும் யாரும் புரட்டாமல் பீரோவில் கிடக்கும். இந்த வாரம் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வாக்கு யாருக்கு என்று எழுதியிருக்கிறது, ‘அனைவரும்’ என்ற சொல்லுக்குள் உண்மையில் யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விடுபட்டவர் யாரென்று தெரிந்ததும், அவர்களைப் பெயர் சொல்லிச் சேர்க்கும் திருத்தத்தை எழுதி அடுத்த பொதுக்குழுவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.